ஈர்க்கும் கயிறும் மணலும்



பூகோள பாடம் என்றவுடன் நம்முட் பலருக்கு நினைவுக்கு வருவது யாது? சுவரிலே தொங்கும் ஒரு படம். ஆசிரியர் கையிலே ஒரு பிரம்பு. அப்பிரம்பின் முனை சென்று தொடும் ஒரு புள்ளி. இது எந்த நாடு, இதன் தலைநகர் யாது, இங்கு விளைவன யாவை என்று ஆசிரியர் வினவுவார். நாம் எழுந்து நின்று ஒப்புவிப்போம். பரீட்சை வரும்; எழுதுவோம்; மறுநாள் மறப்போம். நாடுகளின் பெயர்களை அறிந்தோம். அந்நாடுகளில் வாழும் மக்களை அறிந்தோமல்லோம்.

இக்குறையை நீக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு பல பாடசாலைகள் இன்று வேறொரு வழியை மேற்கொள்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் 'உலகப் பண்பாட்டு விழா' எடுக்கின்றன. ஒரு வகுப்பு யப்பானியர் உடையில் வரும்; மற்றொரு வகுப்பு அராபியர் உடையில் வரும். ஆட்டமும் பாட்டும் நிகழும், பெற்றோர் கைதட்டுவர். இதனை நான் குறையாகச் சொல்லத் தொடங்குமுன், என்னுடைய குறையை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலே நான் ஆசிரியனாக இருந்தபோது, இத்தகைய விழாவொன்றை நானே முன்னின்று நடத்தினேன். ஆபிரிக்காக் கண்டத்தைக் காட்டும் பொறுப்பை ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் ஒப்படைத்தேன். அவர்கள் உடம்பெங்கும் கரி பூசி, இலை தழைகளை அரையிற் கட்டி, மூங்கிற் கழிகளை ஈட்டிகளாக ஏந்தி மேடையிலே குதித்தார்கள். சபை குலுங்கிச் சிரித்தது. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாணாக்கன் ஒருவனின் தந்தையார் என்னிடம் வந்தார். கடற்றொழிலாளர், பாடசாலையிற் பெரிதும் படித்தவரல்லர். "வாத்தியார், அந்தச் சனங்களுக்கு இப்படி ஆடத்தான் தெரியுமோ? வேறொண்டும் தெரியாதோ?" என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. அறியும் விருப்பத்தோடுதான் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவதாக எண்ணி, உலகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்பித்துவிட்டேன் என்பது அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று.

அந்த வினாவுக்கு விடை தேடிய முயற்சியின் பயனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். பிற நாட்டு மக்களைப் பற்றி மாணாக்கருக்குக் கற்பிக்கும்போது, 'அவர்கள் எதை உடுக்கிறார்கள், எதை உண்கிறார்கள்' என்ற வினாவிலே தொடங்குதல் போதாது. 'அவர்களுக்கு நேர்ந்த இடர் யாது? அதனை அவர்கள் எவ்வாறு வென்றார்கள்?' என்ற வினாவிலே தொடங்குதல் வேண்டும். உடையைப் பார்ப்பவன் வேற்றுமையைக் காண்கிறான்; இடரைப் பார்ப்பவன் அறிவைக் காண்கிறான். அவ்வறிவைப் புத்தகத்தில் வாசிப்பதோடு நில்லாது, பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கவேண்டும். சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்தபோது, நூற்சான்றுகளைத் தொகுப்பதோடு அமையாது, நரம்புகளின் சுருதிகளைக் கணக்கிட்டு அவ்விசைக்கருவியின் அமைப்பையே மீட்டுக் காட்ட முயன்றார். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ் நூல் அம்முயற்சியின் கனியாகும். செய்து காண்பது அறிவின் ஒரு வழி என்பதற்கு நமக்கு அதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என ஆசிரியர்கள் அஞ்சவேண்டியதில்லை. நான் இன்று கூறப்போகும் மூன்று பயிற்சிகளுக்கும் வேண்டுவன தென்னோலை ஈர்க்கு, கயிறு, மணல் ஆகிய மூன்றுமே. இம்மூன்றும் இல்லாத பாடசாலை நம் நாட்டிலே இல்லை.

முதலாவது ஈர்க்கு. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, ஹவாய்க்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலே, மார்சல் தீவுகள் என்றொரு தீவுக் கூட்டம் உண்டு. இருபத்தொன்பது பவளத் தீவு வளையங்களும் ஐந்து தனித் தீவுகளும் சேர்ந்தது அது. கடல்மட்டத்திலிருந்து சராசரி இரண்டு மீற்றர் உயரமே கொண்ட நிலம். மலையில்லை, தொலைவிலிருந்து பார்த்து இனங்கண்டுகொள்ள ஒரு சிகரமில்லை. தோணியிலே சில மைல் விலகிவிட்டாலே தீவு கண்ணுக்கு மறைந்துவிடும். இத்தகைய கடலிலே, திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, ஒரு தீவினின்று மற்றொரு தீவுக்குச் செல்வது எப்படி? இதுவே அம்மக்களுக்கு நேர்ந்த இடர்.

அவர்கள் கடல் அலையைப் படித்தார்கள். காற்று தொலைவிலிருந்து உருட்டிவரும் பேரலை ஒரு தீவிலே மோதும்போது அதன் இரு புறமும் வளைந்து செல்கிறது. தீவின் மறுபக்கத்திலே அவ்வாறு வளைந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ஆதலால், நிலம் கண்ணுக்குத் தெரியாத தொலைவிலேயே, அந்நிலத்தின் செய்தியை அலை சுமந்து வருகின்றது. தோணி ஆடும் விதத்தை உடம்பால் உணர்ந்து, தீவு எப்பக்கம் உள்ளது என்று தேர்ந்த மாலுமி அறிந்துகொள்வான். தோணியினுள்ளே படுத்துக்கொண்டு அவ்வாட்டத்தை உணர்ந்தவர்களும் உண்டு.

இந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க அவர்கள் செய்த பாடநூல்தான் நமக்கு வியப்பளிப்பது. தென்னோலை ஈர்க்குகளையும் மெல்லிய குச்சிகளையும் நாரினாற் கட்டி ஒரு சட்டம் அமைத்தார்கள். வளைந்த ஈர்க்கு வளைந்த அலையைக் குறிக்கும். ஈர்க்குகள் சந்திக்கும் இடம் அலைகள் குறுக்கிடும் இடத்தைக் குறிக்கும். கட்டப்பட்ட சிறு சோகி தீவைக் குறிக்கும். இப்படத்தைத் தோணியிலே கொண்டு செல்வதில்லை. கரையிலே இருந்து கற்று, மனத்திலே பதித்து, படத்தைக் கரையிலேயே விட்டுச் செல்வார்கள். 1898ஆம் ஆண்டில் வின்க்லர் என்னும் ஜேர்மன் கடற்படை அதிகாரி இவற்றின் பொருளை மாலுமிகளிடம் கேட்டு எழுதி வெளியிட்டபோதுதான் வெளியுலகம் இதனை ஓரளவு விளங்கிக்கொண்டது.

வகுப்பறையிலே இதனை எவ்வாறு செய்வது? முதலில் ஓர் அகன்ற தாம்பாளத்திலே இரண்டு விரற்கடை நீர் விட்டு நடுவே ஒரு கல்லை வையுங்கள். ஓரத்திலே ஓர் அடிமட்டத்தால் மெல்லத் தட்டுங்கள். அலை கல்லைச் சுற்றி வளைந்து செல்வதையும், கல்லின் பின்னே குறுக்கிடுவதையும் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காணட்டும். அண்மையிலே கேணியோ குளமோ இருந்தால் அங்கே அழைத்துச் செல்லுதல் இன்னும் நன்று. பின்னர், கண்டதை ஈர்க்கும் நூலும் சோகியும் கொண்டு கட்டச் சொல்லுங்கள். 'அழகாகச் செய்' என்று சொல்லாதீர்கள். 'உன் படத்தைப் பார்த்து உன் தோழன் தீவைக் கண்டுபிடிக்க வேண்டும்' என்று சொல்லுங்கள்.

இப்பயிற்சியை முதன்முதல் நான் செய்வித்த வகுப்பிலே, பின்வாங்கிலிருந்து ஒருபோதும் வாய்திறவாத சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். வாடைக் காற்றுக் காலத்தில் அலை எப்படி வரும், சோழகக் காற்றுக்கு அது எப்படி மாறும், கச்சான் காற்றிலே எந்தப் பக்கத்துக் கரையிலே வள்ளம் விடலாம் என்று தன் தகப்பனாரிடம் கேட்டறிந்தவற்றை அவன் அடுக்கிச் சொன்னான். அன்று அவன் ஆசிரியன், நான் மாணாக்கன். பசுபிக் சமுத்திரத்து மக்களின் அறிவை மதிக்கக் கற்ற வகுப்பு, தன் ஊர்க் கடற்றொழிலாளரின் அறிவையும் அன்றே மதிக்கக் கற்றது. முன்னொரு நாள் என்னிடம் அந்த வினாவைக் கேட்ட தந்தையாருக்குரிய விடை எனக்கு அன்றுதான் கிடைத்தது.

ஆனால் இங்கே பாடத்தை முடித்துவிடலாகாது. 'அம்மக்கள் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள்?' என்ற வினா எஞ்சி நிற்கிறது. 1946 முதல் 1958 வரை மார்சல் தீவுகளிலே அமெரிக்கா அறுபத்தேழு அணுக்குண்டுப் பரீட்சைகளை நடத்தியது. 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பிகினித் தீவின் மக்கள் 167 பேர் தம் மண்ணை விட்டு வேறு தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இடம்பெயர்வு என்ற சொல்லின் பொருளை நம் பிள்ளைகளுக்கு அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு முதல் தன்னாட்சி பெற்ற அந்நாடு, இன்று கடல்மட்டம் உயர்வதால் வேறோர் அபாயத்தை எதிர்நோக்கி நிற்கின்றது. 2014ஆம் ஆண்டு செத்தெம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டிலே, அந்நாட்டுப் பெண் கவிஞர் கதி ஜெட்னில் கிஜினர் உலகத் தலைவர்கள் முன்னிலையிலே கவிதை வாசித்தார். ஈர்க்குப் படம் கட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள், பேசுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிந்தாலன்றி, அவர்கள் கட்டிய படம் வெறும் விளையாட்டுப் பொருளாகவே முடியும்.

இரண்டாவது கயிறு. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரிலே, பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் இன்கா அரசர்கள் ஒரு பேரரசை ஆண்டார்கள். ஆறு நாடுகளூடாக 30,000 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்லும் அந்தீசு மலைப் பாதைகளை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. இத்துணைப் பெரிய அரசுக்குக் கணக்கு வேண்டும்: எத்தனை குடிகள், எவ்வளவு தானியம், எத்தனை வீரர்கள்? ஆனால் நாம் அறிந்த பொருளிலே எழுத்தோ, கடதாசியோ அவர்களிடம் இருக்கவில்லை. கயிறு இருந்தது, முடிச்சு இருந்தது.

ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் முடிச்சுக் கூட்டங்கள் இடைவெளி விட்டுப் போடப்பட்டிருக்கும். இதற்குக் கீப்பு என்று பெயர். இம்முடிச்சுகள் பத்தின் அடிப்படையில் அமைந்த எண்களைக் குறிப்பன என்பதை அமெரிக்கக் கணித ஆசிரியராகிய லீலன்ட் லொக் என்பவர் 1912ஆம் ஆண்டிலே விளக்கிக் காட்டினார். 352 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கயிற்றின் மேற்பகுதியிலே மூன்று தனி முடிச்சுகள், அவை நூறுகள். சற்று இடம் விட்டு ஐந்து தனி முடிச்சுகள், அவை பத்துகள். மேலும் இடம் விட்டு, கயிற்றை இருமுறை சுற்றி இறுக்கிய ஒரு நீள் முடிச்சு, அது இரண்டு. ஒன்றாம் இடத்துக்கு மட்டும் ஏன் வேறு வகை முடிச்சு? எண் எங்கே முடிகிறது என்பதை அம்முடிச்சே அறிவிக்கும். ஒன்று என்ற எண்ணுக்கு ஒருமுறை சுற்றினால் அது தனி முடிச்சுப் போலவே ஆகிவிடும். ஆகவே அதற்கு எட்டின் உருவிலே அமைந்த வேறொரு முடிச்சு. பூச்சியத்துக்கு முடிச்சே இல்லை, வெற்றிடம்தான் பூச்சியம். சில கீப்புகளிலே, தொங்கும் கயிறுகளின் கூட்டுத்தொகையை வேறொரு கயிறு காட்டி நிற்கும்.

இதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யலாம். ஒவ்வொரு வகுப்பின் வரவையும் ஒவ்வொரு கயிற்றிலே முடியச் சொல்லுங்கள். முழுப் பாடசாலையின் தொகையை இன்னொரு கயிற்றிலே முடியச் சொல்லுங்கள். பின்னர் அதனை அடுத்த வகுப்புக்கு அனுப்பி, வாய்ச்சொல் எதுவுமின்றிப் படிக்கச் செய்யுங்கள். இடப்பெறுமானம் என்ற கணித பாடம், கரும்பலகையிலே எத்தனை முறை எழுதினாலும் விளங்காத பிள்ளைக்கு, விரலிலே விளங்கிவிடும். தவறாக இடைவெளி விட்ட பிள்ளையின் 40 பேர் கொண்ட வகுப்பு 4 பேராகச் சுருங்கிவிட, எல்லோரும் சேர்ந்து நகைப்பார்கள். அந்த நகைப்பிலே இன்கா மக்களைப் பற்றிய ஏளனம் இல்லை. அவர்களின் கணக்கர்கள் எவ்வளவு கவனமுடையோராக இருந்திருக்க வேண்டும் என்ற மதிப்பே உண்டு.

இங்கேயும் இறுதி வினாவை மறக்கலாகாது. ஸ்பானியர் 1532ஆம் ஆண்டில் இன்கா மன்னன் அத்தகுவால்பாவைச் சிறைப்பிடித்த பின்னர் அப்பேரரசு வீழ்ந்தது. ஆனால் அம்மக்களின் கெச்சுவா மொழியை இன்றும் பல இலட்சம் மக்கள் பேசுகின்றனர். 1975ஆம் ஆண்டில் பெரு நாடு அதனை அரசகரும மொழிகளில் ஒன்றாக ஏற்றது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் நாம் பயிரிடும் உருளைக்கிழங்கு முதன்முதலிலே அந்தீசு மலைமக்கள் காட்டுச் செடியினின்று பயிராக்கித் தந்தது என்பதையும் சொல்லுங்கள். நம் அடுக்களைக்குள் வந்துவிட்டவர்களை அந்நியர் என்று சொல்ல நாக்குக் கூசும். கீப்புகளிலே சில, லொக் கண்ட எண்விதிக்கு அடங்காதவை. அவற்றை இன்னும் ஒருவரும் படித்து முடிக்கவில்லை. இதனைக் கேட்கும்போது பிள்ளைகளின் கண்களிலே தோன்றும் ஒளியை நீங்கள் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் அறியப்பட்டுவிட்டது என்று எண்ணிச் சோர்ந்திருந்த பிள்ளைக்கு, தனக்கென்றும் ஒரு முடிச்சு எஞ்சியுள்ளது என்று தெரியவருகின்றது.

மூன்றாவது மணல். நான் முதலில் அவமதித்த ஆபிரிக்காவுக்கு இப்போது வருகின்றேன். அங்கோலா நாட்டின் வடகிழக்கிலும் அதனை அடுத்த நாடுகளிலும் சொக்வே என்னும் மக்கள் வாழ்கின்றனர். மாலை வேளையிலே நிலத்தைச் சமன்செய்து, விரல் நுனிகளாலே சம இடைவெளியிற் புள்ளிகளை இட்டு, அப்புள்ளிகளைச் சுற்றிச் சுட்டுவிரலாற் கோடு இழுத்து, கோடு செல்லச் செல்லக் கதையும் சொல்லுவது அவர்களின் மரபு. இச்சித்திரங்களுக்குச் சோனா என்று பெயர். துரத்தப்பட்ட கோழி ஓடிய பாதையைக் காட்டும் சித்திரம் ஒன்றுண்டு. ஓடும் கோழியைப் போலவே கோடும் வளைந்து நெளிந்து செல்லும். விரலை எடுக்காமல் ஒரே கோட்டாலே பல சித்திரங்களை வரைந்து முடித்தலே திறமையெனக் கொள்ளப்பட்டது. 2023ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ இம்மரபினைப் புலப்படாப் பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலிற் சேர்த்தது.

புள்ளியிட்டு, புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்து, தொடங்கிய இடத்திலேயே முடிப்பது. இதைக் கேட்கும்போது, வீட்டு முற்றத்திலே அதிகாலையிற் கோலமிடும் நம் தாய்மாரும் சகோதரிமாரும் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? இவ்வொற்றுமை நான் கற்பித்துக் கூறுவதன்று. மொசாம்பிக் நாட்டிலே பணியாற்றிய கணித அறிஞர் பவுலுஸ் கேர்டெஸ் என்பார் சோனாச் சித்திரங்களை ஆராய்ந்ததோடு, தமிழரின் கோலங்களையும் ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். இரு மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டாம். ஒரே வகைப் புதிருக்கு மனித மனம் இரு வேறு மண்ணிலே ஒத்த விடை கண்டது என்பதே போதிய வியப்பாகும்.

பிள்ளைகளைப் பாடசாலை முற்றத்து மணலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளிகள் இடச் சொல்லுங்கள். அயற்புள்ளிகள் இரண்டிற்கும் இடையே கோடுகள் ஒருமுறை குறுக்கிட்டு, ஓரத்துக்கு வந்தபின் வளைந்து திரும்புமாறு, பாய் பின்னுவது போல வரையச் செய்யுங்கள். ஒரே கோட்டிலே முடியும். அடுத்து மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. இப்போது மூன்று தனித்தனிக் கோடுகள் வேண்டும். நான்குக்கு ஆறு இட்டால் இரண்டு கோடுகள். ஏன்? இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை கோடுகள். இவ்விதியை நீங்கள் சொல்லாதீர்கள். பத்துப் படங்கள் வரைந்தபின் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கோலம் பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி நிற்கும் ஆண்பிள்ளைகளிடம், சொக்வே மக்களிடையே இதனை வரைவோர் ஆண்களே என்று சொல்லுங்கள். அவர்களும் மணலிலே அமர்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சோனாச் சித்திரங்களிலே எளியவற்றை இளைஞர்கள் பருவமடையும் சடங்குக் காலத்திலே கற்பார்கள். அரியவற்றின் பொருள் முதியோரான வல்லுநர் சிலருக்கே உரியது. அம்மக்கள் தமக்கென்று காத்து வைத்ததை நாம் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. அறிவுக்கு மட்டுமன்றி மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது பிள்ளைகள் கற்கவேண்டிய பாடங்களுள் ஒன்று. அங்கோலா 1975ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்று, பின்னர் 2002ஆம் ஆண்டுவரை உள்நாட்டுப் போராலே துன்புற்ற நாடு. போரின் நடுவேயும் ஒரு மக்கள் கூட்டம் மணலிலே கதை எழுதும் கலையை மறவாது காத்தது என்பதன் அருமையை நம்மவர் உணர்வர்.

இம்மூன்று பயிற்சிகளிலிருந்தும் ஆசிரியர் மனங்கொள்ளத் தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவேன். பிறர் உருவத்தைப் போலப் பூசி நடிக்கச் செய்யாதீர்கள். பிறர் செய்த வேலையைச் செய்யச் செய்யுங்கள். ஒரு மக்களின் பழமையை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். இன்றைய வாழ்வையும் காட்டுங்கள். ஒரு நாளிற் பத்து நாடுகளைச் சுற்றிவராதீர்கள். ஒரு தவணைக்கு ஒரு மக்களை நன்றாக அறியச் செய்யுங்கள். அறியாததை அறிந்தது போலச் சொல்லாதீர்கள். 'இதனை நாம் இருவரும் சேர்ந்து தேடுவோம்' என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

'பாடத்திட்டமே பெரும் சுமை. பரீட்சைக்கு வராத இவற்றுக்கு நேரம் ஏது?' என்று சில ஆசிரியர்கள் கேட்பது என் செவியில் விழுகின்றது. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் நான் கூறியவை பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. அலை வளைவது விஞ்ஞானம். இடப்பெறுமானமும் பொதுக் காரணியும் கணிதம். கதை சொல்லுதல் மொழி. அதே பாடத்தை வேறொரு வாயிலால் நுழைந்து கற்பிக்கின்றோம், அவ்வளவே. இம்முயற்சி புதியதும் அன்று. யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே பதினைந்து நாடுகளின் 33 பாடசாலைகளை இணைத்து, மக்களிடையே நல்லுணர்வை வளர்க்கும் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மனிதர் உள்ளத்திலே விளையும் பகைக்கு மனிதர் உள்ளத்திலேயே மருந்திட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நேயர்களே, உலகத்தார் அனைவரும் உறவினர் என்று மேடைகளிலே முழங்குவது எளிது. நம் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியமானது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சலாந்திலும் நம் இனத்துப் பிள்ளைகள் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அங்குள்ள ஆசிரியர் ஒருவர், நம்மை ஓர் உடையாகவும் ஒரு பலகாரமாகவும் மட்டும் காட்டி, சபையைச் சிரிக்க வைத்தால் அப்பிள்ளையின் நெஞ்சம் என்ன பாடுபடும்? நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் மரியாதையை நாம் முதலிற் பிறருக்குச் செலுத்துவோம்.

இன்னும் அண்மையிலே வருவோம். ஒரே நாட்டிலே, ஒரே வானின் கீழே, தமிழ் மொழியிற் கற்கும் பிள்ளையும் சிங்கள மொழியிற் கற்கும் பிள்ளையும் ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்துவிடும் நிலை நம்மிடையே பெரிதும் உண்டு. மார்சல் தீவை அறிந்த பிள்ளை அடுத்த ஊரை அறியாதிருத்தல் தகுமா? இதற்கும் ஓர் எளிய பயிற்சி உண்டு. நம் பாட்டிமார் பலகைக் குழிகளிலே முத்துகளை இட்டு விளையாடிய பல்லாங்குழியை எடுங்கள். சிங்களக் கிராமங்களிலே சித்திரைப் புத்தாண்டு காலத்திலே பெண்கள் விளையாடும் 'ஒலிந்த கெளிய' அதன் உடன்பிறப்பாகும். நாம் குன்றிமணி என்று சொல்லும் விதையே அவர்களின் ஒலிந்த. ஆபிரிக்காவின் பல நாடுகளிலும் இவ்வாறே குழிகளிலே விதை பெயர்த்து விளையாடும் ஆட்டங்கள் உண்டு. குன்றிமணி மென்றால் நஞ்சாகும். ஆதலாற் சிறுவர் கையிலே புளியங்கொட்டையைக் கொடுங்கள். இரு பாடசாலைப் பிள்ளைகளையும் ஒரு பலகையின் இரு பக்கமும் அமர்த்துங்கள். விதியை விளக்க அவர்களுக்கு ஒரு பொதுமொழி இல்லாவிட்டாலும், விதைகள் குழிகளிலே விழும் ஓசை போதும். யார் எத்தனை முத்து வென்றார் என்று எண்ணும்போது, ஒருவர் எண்களை மற்றவர் கற்றுக்கொள்வர். 'எக்க, தெக்க' என்று தமிழ்ச் சிறுமி எண்ணவும், 'ஒன்று, இரண்டு' என்று சிங்களச் சிறுமி எண்ணவும் நான் கேட்டிருக்கின்றேன்.

அன்று கடற்றொழிலாளர் ஒருவர் கேட்டார்: "அந்தச் சனங்களுக்கு வேறொண்டும் தெரியாதோ?" எந்த மக்களைப் பற்றியும் நம் பிள்ளைகள் இனி அவ்வாறு கேட்க வேண்டிய நிலை வராதிருக்கட்டும். 'அவர்களுக்குத் தெரிந்தது எது? அதனை நான் கற்கலாமா?' என்று அவர்கள் கேட்கட்டும். ஓர் ஈர்க்கும், ஒரு முழக் கயிறும், ஒரு பிடி மணலும் அதற்குப் போதும்.